லிங்கனைக் கொன்ற குட்டித் துப்பாக்கி: செய்தவர் பேரும் திருட்டுப் போச்சு!

அமெரிக்க ஜனாதிபதி லிங்கனைச் சுட்ட துப்பாக்கி, ஹென்றி டெரிஞ்சரின் பட்டறைச் சரக்கு.

1786-ல் பிறந்தவர். அப்பாவுக்கும் துப்பாக்கி செய்வதுதான் தொழில். பிலடெல்பியாவில் பட்டறை போட்டு, ராணுவத்துக்கு நீளத் துப்பாக்கி செய்து கொடுத்தார்.

ஆனால் பேர் வாங்கித் தந்தது, உள்ளங்கையில் அடங்கும் குட்டித் துப்பாக்கிதான். கோட்டுப் பையில் போட்டால் வெளியே தெரியாது. கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடி ஓடிய கூட்டம் அள்ளிக் கொண்டு போனது.

ஒரே குறை, ஒரு குண்டுதான். குறி தப்பினால் ஆள் காலி! அதனால் ஜோடியாக வாங்கினார்கள்.

14-4-1865 இரவு. வாஷிங்டன் போர்டு நாடகக் கொட்டகை. நடிகன் பூத் மறைத்து எடுத்துப் போனது இதைத்தான். நீளம் 6 அங்குலம்கூட இல்லை. லிங்கனின் பின்தலையில் ஒரே வெடி. பிடிக்கப் பாய்ந்த ராணுவ அதிகாரியைக் கத்தியால் வெட்டினான். இன்னொரு குண்டு ஏது?

டெரிஞ்சர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. கண்டவனெல்லாம் காப்பியடித்து அவர் பேரையே பொறித்து விற்றான். டெரிஞ்சர் என்ற பேருள்ள தையல்காரரைப் பிடித்து, அந்தப் பேரில் விற்ற கில்லாடிகளும் உண்டு!

கிழவர் விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார். கலிபோர்னியா கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

1868-ல் 81 வயதில் காலமானார். ஆங்கில அகராதியில் குட்டித் துப்பாக்கிக்கே இப்போது 'டெர்ரிஞ்சர்' என்றுதான் பேர். அதிலும் ஓர் எழுத்து கூடுதல்!