சுல்தானாவின் கனவு: ருகையா அம்மையாரின் வாழ்வும் எழுத்தும்

அறிவியல் புனைகதை என்றதும் ஜூல்ஸ் வெர்ன், எச்.ஜி.வெல்ஸ் என்று வெளிநாட்டுப் பெயர்கள்தான் நம் நினைவுக்கு வரும். தமிழில் என்றால் சுஜாதா. ஆனால் 1905ஆம் ஆண்டிலேயே, இந்தியாவில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் பெண்மணி அப்படியொரு கதையை எழுதினார். அந்தக் கதை முதன்முதலில் அச்சானது நம் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் இதழில். இந்தச் செய்தி நம் சமுதாயத்தில் பலரை இன்னும் எட்டவில்லை.

அவர் பெயர் ருகையா. வங்காளிகள் ரொக்கேயா என்று உச்சரிப்பார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகளார் ருகையா (ரலி) அவர்களின் பெயர்தான் அது. கணவர் பெயரையும் சேர்த்து ருகையா சகாவத் ஹுசைன் என்று வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது.

ஒளிந்திருந்த குழந்தை

1880இல், இன்றைய வங்காளதேசத்தின் ரங்பூர் மாவட்டத்தில் உள்ள பாய்ராபந்த் என்ற ஊரில், ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் ருகையா பிறந்தார். தந்தை பல மொழிகள் அறிந்தவர். மகன்களைக் கல்கத்தாவின் புனித சேவியர் கல்லூரிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். மகள்களுக்கோ குர்ஆன் ஓதவும் கொஞ்சம் உருதுவும் மட்டும் போதும் என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு.

அந்தக் காலத்து வங்காள மேட்டுக்குடியில் பெண்பிள்ளைகள் அந்நிய ஆண்களுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கு வரும் அந்நியப் பெண்களுக்கும் முகம் காட்டக் கூடாது. ருகையாவுக்கு ஐந்து வயது இருக்கும்போது உறவினர் வீட்டுப் பணிப்பெண்கள் வந்து தங்கினார்கள். அவர்கள் கண்ணில் படாமலிருக்க அந்தக் குழந்தை நான்கு நாட்கள் மாடியறையில் ஒளிந்திருந்தது. பசித்தபோது ஒரு சின்னப் பையன் நினைவு வந்தால் கொஞ்சம் பால் கொண்டுவந்து கொடுத்தான். பிற்காலத்தில் இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

மூத்த சகோதரி கரீமுன்னிசா இரகசியமாக வங்காள எழுத்துகளைக் கற்றவர். அது வெளியே தெரிந்ததும் அவர் படிப்பு நிறுத்தப்பட்டது, சிறு வயதிலேயே திருமணமும் முடிந்தது. ஆனாலும் அவர் தங்கைக்கு வங்காளம் சொல்லிக்கொடுத்தார். அண்ணன் இப்ராஹீம் சாபிர் இரவில் வீடு அடங்கிய பிறகு விளக்கை ஏற்றி வைத்து ஆங்கிலம் கற்பித்தார். இந்த இருவருக்கும் தம் நூல்களைக் காணிக்கையாக்கி ருகையா நன்றிக்கடன் தீர்த்தார்.

கணவர் தந்த ஊக்கம்

1898இல் சையத் சகாவத் ஹுசைன் என்பவருக்கு அவரை மணமுடித்துக் கொடுத்தார்கள். பீகாரின் பாகல்பூரில் அரசு அதிகாரியாக இருந்தவர், முதல் மனைவியை இழந்தவர், வயதில் மிகவும் மூத்தவர். ஆனால் மனைவி படிக்க வேண்டும், எழுத வேண்டும் என்று விரும்பியவர். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்து, இரண்டும் சில மாதங்களிலேயே இறந்துபோயின. அந்தத் துயரத்தைத் தாங்கிக்கொண்டுதான் ருகையா எழுதினார். அவருடைய தொடக்ககாலக் கட்டுரைகளில் ஒன்று கர்பலாவின் தாகத்தைப் பற்றியது.

1905இல் கணவர் இரண்டு நாள் அலுவல் பயணம் போயிருந்தார். பொழுது போவதற்காக ருகையா ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். திரும்பி வந்த கணவர் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே முழுவதையும் படித்து முடித்தார். ஆண்களைப் பயங்கரமாகப் பழிவாங்கிவிட்டாய் என்று வியந்தார். அதை அச்சுக்கு அனுப்பத் தூண்டியவரும் அவரே. சென்னையில் கமலா சத்தியநாதன் என்ற பெண்மணி 1901 முதல் நடத்தி வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' அதை வெளியிட்டது. 1908இல் கல்கத்தாவில் நூலாக வந்தது. அதுதான் 'சுல்தானாவின் கனவு'.

பெண்கள் ஆளும் நாடு

சுல்தானா என்ற பெண் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்கிறாள். விழித்தால் ஒரு புது நாடு. தெருவில் பெண்கள் மட்டும் அச்சமில்லாமல் நடக்கிறார்கள். ஆண்கள் எல்லோரும் வீட்டுக்குள் 'மர்தானா'வில் இருக்கிறார்கள். சமைக்கிறார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்நாட்டு அரசி, எல்லாப் பெண்களும் படிக்க வேண்டும், 21 வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் திருமணம் கூடாது என்று ஆணையிட்டவள். (பிரிட்டிஷ் இந்தியாவில் 1929ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு வைத்த குறைந்தபட்சத் திருமண வயது 14தான் என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள்.) பெண்களுக்கெனத் தொடங்கிய பல்கலைக்கழகங்களில் ஒன்று, பலூன் மூலம் வானத்திலிருந்தே நீரை எடுக்கக் கற்கிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேகரித்து வைக்கக் கற்கிறது. அந்த வெப்பத்தில்தான் சமையல். அடுப்புமில்லை, புகையுமில்லை. மின்சாரத்தில் இயங்கும் வானூர்தியும் உண்டு. ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. இன்று நம் கொங்கு நாட்டில் வீட்டுக் கூரைகளில் சோலார் தகடுகளைப் பார்க்கிறோம். பாகல்பூரில் ஒரு வீட்டுக்குள் அடைந்திருந்த பெண், சூரியனை வேலை வாங்கலாம் என்று 1905லேயே யோசித்திருக்கிறார்.

கதையில் நகைச்சுவைக்கும் குறைவில்லை. பெண்கள் இரண்டு மணி நேரத்தில் அலுவலக வேலையை முடித்துவிடுகிறார்கள். அது எப்படி என்று சுல்தானா கேட்கிறாள். ஆண்கள் ஒரு சுருட்டுக்கு அரை மணி நேரம் என்று ஒரு நாளில் பன்னிரண்டு சுருட்டு பிடித்தால் ஆறு மணி நேரம் புகையிலேயே போய்விடுகிறதே என்று கணக்குச் சொல்கிறாள் தோழி.

கதைக்குள் இருக்கும் நியாயக் கணக்கு

அந்தச் சிரிப்புக்கு அடியில் கசப்பான ஒரு கேள்வி இருக்கிறது. பைத்தியக்கார விடுதியிலிருந்து சிலர் தப்பி வந்து ஊரைத் துன்புறுத்தினால் யாரைப் பிடித்து உள்ளே வைப்போம்? தப்பி வந்தவர்களைத்தானே? அப்படியென்றால், பெண்களுக்குத் தீங்கு ஆண்களால்தான் வருகிறது என்று சொல்லிக்கொண்டே பெண்களைப் பூட்டி வைப்பது என்ன நியாயம்? தவறு செய்பவன் வெளியே நடமாட, அஞ்சுபவள் உள்ளே அடைபடுவது அநீதி என்பதை இதைவிட எளிதாக யாரும் சொன்னதில்லை.

அநீதி வீட்டோடு நிற்கவில்லை, நாட்டுக்கும் போகிறது. அந்த நாட்டில் ஆண்கள் எப்படி உள்ளே போனார்கள்? பக்கத்து நாட்டிலிருந்து அரசியல் காரணத்துக்காகத் தப்பி வந்தவர்களுக்கு அரசி அடைக்கலம் கொடுக்கிறாள். அவர்களை ஒப்படைக்கச் சொல்லி அந்நாட்டு மன்னன் மிரட்டுகிறான். அவள் மறுக்கிறாள், போர் மூள்கிறது. ஆண்களின் படை தோற்கிறது. அப்போது பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவிகளுடன் சென்று, சேகரித்து வைத்த சூரிய வெப்பத்தைப் பாய்ச்சி எதிரியை விரட்டுகிறாள். அதற்கு முன்பே களைத்துப்போன ஆண்கள் உள்ளே போயிருந்தார்கள்.

அடைக்கலம் தேடி வந்தவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் அறம். அந்த அறத்தைத்தான் ருகையா அம்மையார் கதையின் நடுப்புள்ளியாக வைத்திருக்கிறார். பிறர் மண்ணுக்கு ஆசைப்படமாட்டோம், கோஹினூர் வைரத்தைவிட ஒளிமிக்கதாக இருந்தாலும் ஒரு கல்லுக்காகச் சண்டையிடமாட்டோம், எவருடைய மயிலாசனத்தைப் பார்த்தும் பொறாமைப்படமாட்டோம் என்கிறாள் அரசி. கோஹினூரும் மயிலாசனமும் யாரிடமிருந்து யாருக்குப் போயின என்பது இந்தியர் எல்லோருக்கும் தெரியும். வங்காளத்தை ஆங்கிலேய அரசு இரண்டாகப் பிரித்த அதே 1905இல், ஒரு அரசு அதிகாரியின் மனைவி இதை எழுதி, அதுவும் ஆங்கிலத்திலேயே அச்சிட்டார்.

கட்டுரையில் நீங்கியது, கதையில் நின்றது

கதை என்றால் நம்மவர்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு. பொய் சொல்பவனிடம் கதை விடாதே என்கிறோம். இலக்கியவாதிகளுக்கோ அறிவியல் புனைகதை என்றால் சிறுவர் சரக்கு. ஆனால் நம் முன்னோர்கள் கற்பனையை அப்படிப் பார்க்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் இப்னு துஃபைல், தனித் தீவில் வளரும் ஒரு குழந்தை தன் அறிவாலேயே இறைவனை உணர்வதாக 'ஹய் இப்னு யக்ளான்' எழுதினார். நுரையீரல் வழியான இரத்த ஓட்டத்தை விளக்கிய மருத்துவ மேதை இப்னு நஃபீஸும் 13ஆம் நூற்றாண்டில் அதே போன்றதொரு கதை எழுதினார். ஆழமான கேள்விகளைச் சுமந்து செல்லும் வாகனமாக அவர்கள் கதையைப் பயன்படுத்தினார்கள்.

ருகையா அம்மையாரின் வாழ்விலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பெண்களின் தாழ்நிலை பற்றி 1904இல் இதழில் வெளியான அவருடைய வங்காளக் கட்டுரை ஒன்றில், மதங்களின் பெயரால் ஆண்கள் பெண்களை அடக்குவதாகக் கடுமையான சொற்களில் எழுதியிருந்தார். வேதங்களையே ஆண்களின் ஆக்கம் என்பதுபோல் அமைந்த அந்த வாதத்தை எந்த ஆலிமும் ஏற்க முடியாது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. நூலாக வந்தபோது ஐந்து பத்திகள் நீக்கப்பட்டன. ஆனால் அடுத்த ஆண்டு எழுதிய கதையில், அநீதியைப் பற்றிய அதே கேள்வியை மார்க்கத்தின் மேல் வைக்காமல் மனிதர்களின் மேல் வைத்தார். அதில் ஒரு வரியும் நீங்காமல் இன்றுவரை நிற்கிறது.

ஆண்களை அடைத்து வைப்பதுதான் தீர்வு என்று அவர் சொல்ல வரவில்லை. கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான். ஆண்களை அப்படி வைத்தால் அபத்தமாகத் தெரிகிறதல்லவா, பெண்களை வைத்தபோது ஏன் தெரியவில்லை என்பதே அவர் கேள்வி.

எட்டு மாணவிகள்

1909இல் கணவர் இறந்தார். பெண்கள் பள்ளிக்கென்று அவர் ஏற்கெனவே 10,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். சில மாதங்களிலேயே ஐந்து மாணவிகளுடன் பாகல்பூரில் பள்ளி தொடங்கியது. குடும்பத்தில் எழுந்த சொத்துப் பிரச்சினையால் அவர் ஊரைவிட்டே வர நேர்ந்தது. கல்கத்தாவில் ஒரு சிறிய சந்தில் 1911 மார்ச் மாதம் எட்டு மாணவிகளுடன் மீண்டும் தொடங்கினார். ஒருநாளும் வகுப்பறையில் மாணவியாக உட்கார்ந்திராத அவர், மற்றவர்கள் நடத்திய பெண்கள் பள்ளிகளுக்குச் சென்று பார்த்துத்தான் நிர்வாகம் கற்றார். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பிள்ளைகளைக் கேட்டார். குர்ஆன், மொழிகள், தையல், முதலுதவி, உடற்பயிற்சி எல்லாம் பாடங்களாயின.

பள்ளி வண்டி அவருக்குத் தந்த தலைவலி தனிக்கதை. பர்தாவுக்காக நான்கு பக்கமும் அடைத்துச் செய்த வண்டிக்குள் இருட்டிலும் புழுக்கத்திலும் சிறுமிகள் மயங்கி விழுந்தார்கள். பெற்றோர் கோபித்தார்கள். சரியென்று துணித் திரை போட்டால், காற்றில் திரை பறக்கிறது, இது பர்தாவா என்று பெயர் போடாமல் மிரட்டல் கடிதங்கள் வந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ருகையா அம்மையார் புர்கா அணிந்தவர். மார்க்கம் சொல்லும் பர்தாவையும், ஊர் வழக்கமாகிப்போன 'அவரோதம்' என்னும் சிறையடைப்பையும் அவர் பிரித்துப் பார்த்தார். 1931இல் வந்த 'அவரோதவாசினி' என்ற நூலில் இப்படி 47 நிகழ்ச்சிகளைத் தொகுத்தார். அவற்றில் ஒன்று அவர் கணவரின் உறவுப் பெண்மணிக்கு நடந்தது. ரயில் மாறும்போது புர்கா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்தார். கூலியாட்கள் தூக்க ஓடிவந்தார்கள். அந்நிய ஆண் தொடக் கூடாது என்று பணிப்பெண் தடுத்துவிட்டாள். அவளால் தனியாகத் தூக்கவும் முடியவில்லை. ரயில் நகர்ந்தது. அவர் உயிர் போனது. உயிரைக் காக்க நிர்ப்பந்தம் வந்தால் விலக்கப்பட்டதும் அனுமதியாகும் என்று ஃபிக்ஹில் முதல் பாடமாகப் படிக்கிறோம். அந்த ஒரு சட்டம் தெரிந்த ஒரு பெண் அங்கே இருந்திருந்தால் போதும். கல்வி மறுக்கப்பட்டதன் விலை அது.

1916இல் முஸ்லிம் பெண்களுக்கென 'அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏழை விவசாயிகளின் துயரத்தைப் பற்றியும் எழுதினார். ரங்பூர்ப் பெண்கள் வீட்டிலேயே நூற்ற எண்டிப் பட்டு, மலிவான ஆலைத் துணி வந்ததும் அழிந்ததைச் சொல்லி, கிராமந்தோறும் பள்ளியும் வீடுதோறும் நூற்பும் வேண்டும் என்றார். தறியோசையில் வளர்ந்த பல்லடத்துக் குடும்பங்களுக்கு அந்த வலியை விளக்கத் தேவையில்லை.

1932 டிசம்பர் 9 அன்று அவர் வபாத்தானார். முந்தைய இரவு எழுதிக்கொண்டிருந்த, பெண்ணின் உரிமை பற்றிய கட்டுரை முடியாமல் மேசையில் கிடந்தது. வங்காளதேசம் அந்த நாளை ருகையா நாளாக நினைவுகூர்கிறது. 'சுல்தானாவின் கனவு' 2024இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. எட்டுப் பேருடன் தொடங்கிய பள்ளி கொல்கத்தாவில் அரசுப் பள்ளியாக இன்றும் நடக்கிறது.

நம் வீட்டில்

கதையில் வரும் வானூர்தியை அவரால் செய்ய முடியவில்லை. பெண்கள் படிக்க ஓர் இடம் என்ற பகுதியை மட்டும் கனவிலிருந்து எடுத்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து நனவாக்கினார்.

நம் பகுதியிலும் பெண்பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுக்கிறார்கள். பிறகு, பஸ் ஏறிப் போகணுமே, காலம் கெட்டுக் கிடக்குதே என்று சில வீடுகளில் படிப்பு நின்றுவிடுகிறது. பயம் நியாயமானதுதான். ஆனால் காலத்தைக் கெடுப்பவன் யார், அதற்கு விலை கொடுப்பவள் யார் என்ற கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். ஜமாஅத்துகள் சேர்ந்து ஒரு வாகனம் ஏற்பாடு செய்யலாம். மகன்களுக்குப் பார்வையைத் தாழ்த்தக் கற்றுக்கொடுக்கலாம். சூரா நூரில் அந்தக் கட்டளை முதலில் ஆண்களுக்குத்தான் வருகிறது. மகளின் நிக்காஹுக்கென்று சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை, சகாவத் ஹுசைன் செய்ததுபோல, படிப்புக்கென்று தனியே எடுத்து வைக்கலாம்.

ருகையா அம்மையாரின் பிழைகளை மன்னித்து, நற்பணிகளை ஏற்று, அவருடைய கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. நம் பெண்மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைத் தேடிச் செல்லப் பாதுகாப்பான பாதையையும் அருள்வானாக. ஆமீன்.