கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்

பேராக் மாநிலத்தின் தலைநகரான ஈப்போ ஒரு கடற்கரை நகரமன்று. அங்கிருந்து லுமுட் கடற்கரையை அடைய ஏறக்குறைய 80 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். சுண்ணாம்புக் குன்றுகளும் பழைய ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த நிலப்பகுதி அது. ஆயினும், இன்று அந்நகரில் வாழும் ஒருவர் தம் வீட்டு வரவேற்பறையிலேயே கடல் மீன்களை வளர்க்க முடிகிறது. கடையில் விற்கும் உப்புக் கலவையைத் தூய நீரில் கரைத்தால் கடல்நீருக்கு நிகரான நீர் கிடைத்துவிடுகிறது. கண்ணாடிக்கு இப்புறம் நாற்காலியில் அமர்ந்துகொண்டு, அப்புறம் நடக்கும் கடல் வாழ்க்கையை நாள்தோறும் காணலாம்.

200 ஆண்டுகளுக்கு முன் இத்தகைய வாய்ப்பு பேரறிஞர்களுக்குக்கூடக் கிட்டவில்லை. கடலுயிர்களை ஆராய்ந்தவர்கள், இறந்துபோனவற்றை மதுசாரத்தில் இட்டுப் பாதுகாத்து, அவற்றின் உடலமைப்பைப் பார்த்தே முடிவு கூறினர். அவ்வுயிர்கள் எப்படி உண்டன, எப்படி வளர்ந்தன என்பனவெல்லாம் ஊகமாகவே இருந்தன. இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஜீன் வில்பிரூ பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். ஊசியும் நூலும் கொண்டு வாழ்க்கையைத் தொடங்கியவர்.

ஜீன் 1794ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ஜூய்யாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை காலணி தைப்பவர். தாய் துணி தைப்பவர். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே அவர் பெற்ற கல்வி. 18 வயதில் தையல் வேலை தேடிப் பாரிஸ் நகருக்குப் புறப்பட்டார். 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அத்தொலைவை அவர் நடந்தே கடக்க வேண்டியிருந்தது. ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு நடந்து சென்று, மீண்டும் நடந்தே திரும்புவதற்கு அது ஒப்பாகும். வழியில் ஏற்பட்ட இன்னல்களால் பயணம் தடைப்பட்டது. தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோது, அவருக்கென்று இருந்த வேலை பறிபோயிருந்தது. ஆயினும் அவர் ஊர் திரும்பவில்லை. வேறொரு தையலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து தம் திறமையை வளர்த்துக்கொண்டார். 1816ஆம் ஆண்டு, பிரெஞ்சு அரச குடும்பத்தில் மருமகளாகப் புகுந்த இளவரசி கரோலினின் திருமண ஆடையில் பூத்தையல் செய்யும் பொறுப்பு அவரை வந்தடைந்தது. அதனால் அவர் பெயர் பலருக்கும் தெரியவந்தது.

பின்னர், ஜேம்ஸ் பவர் என்னும் வணிகரை அவர் சந்தித்தார். 1818ஆம் ஆண்டு இருவரும் மணம்புரிந்துகொண்டு, இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவில் மெசினா என்னும் துறைமுக நகரில் குடியேறினர். அங்கு ஜீனுக்கு வருவாய்க்காகத் தைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கிடைத்த ஓய்வை அவர் வீணாக்கவில்லை. நூல்களைத் தேடிப் படித்து இயற்கை அறிவியலைத் தாமாகவே கற்றார். தீவெங்கும் நடந்து திரிந்து செடிகொடிகள், வண்ணத்துப்பூச்சிகள், கனிமங்கள், புதைபடிவங்கள், கடற்சிப்பிகள் ஆகியவற்றைச் சேகரித்தார். அவற்றைப் பற்றிக் குறிப்புகளும் எழுதினார்.

அக்காலத்தில் அறிஞர்களிடையே நீண்டகாலமாக ஒரு விவாதம் இருந்துவந்தது. ஆர்கோனாட் என்பது பேய்க்கணவாய் இனத்தைச் சேர்ந்த ஒரு கடலுயிர். அதற்கு எட்டுக் கைகள் உண்டு. தாளைப் போல மெல்லிய, வெண்ணிறமான அழகிய ஓட்டுக்குள் அது வாழ்கிறது. ஆனால், அந்த ஓடு அதன் உடலோடு ஒட்டியிருப்பதில்லை. எனவே, அந்த ஓட்டை அது தானே உருவாக்குகிறதா அல்லது துறவி நண்டு வெற்றுச் சிப்பிக்குள் குடிபுகுவதுபோல, வேறோர் உயிரின் ஓட்டைத் தனதாக்கிக்கொள்கிறதா என்பதே கேள்வி. இறந்த ஆர்கோனாட்டை எத்தனை முறை அறுத்துப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. விடை வேண்டுமானால், அது உயிரோடு வளர்வதைப் பார்க்க வேண்டும்.

இதனை ஜீன் தெளிவாக உணர்ந்தார். 1832ஆம் ஆண்டு அவர் தம் ஆய்வைத் தொடங்கினார். கடலுயிர்களைக் காண்பதற்கு மூன்று வகை அமைப்புகளை அவர் வடிவமைத்தார். முதலாவது, வீட்டுக்குள் கடல்நீர் நிரப்பி வைக்கும் கண்ணாடித் தொட்டி. இரண்டாவது, கூண்டுக்குள் பொருத்திக் கடலில் இறக்கி, பிறகு மேலே தூக்கிப் பார்க்கக்கூடிய கண்ணாடித் தொட்டி. மூன்றாவது, சற்றுப் பெரிய உயிர்களுக்காகக் கடலிலேயே நங்கூரமிட்டு நிறுத்தப்படும் கூண்டு. கடலைக் கரைக்குக் கொண்டுவருவதும், இயலாதபோது தம் ஆய்வுக்கூடத்தையே கடலுக்குள் இறக்குவதும் அவர் கண்ட வழிகள்.

அங்கே அவர் ஆர்கோனாட்டுகளை வளர்த்துப் பொறுமையோடு கவனித்தார். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஓடு இல்லை என்பதையும், அது வளரும்போதே ஓடும் உருவாகிறது என்பதையும் கண்டறிந்தார். சில ஓடுகளின் ஒரு பகுதியை உடைத்துவிட்டுக் காத்திருந்தார். ஆர்கோனாட் அந்த உடைப்பைத் தானே அடைத்துச் சீர்செய்தது. அதன் எட்டுக் கைகளுள் இரண்டு மட்டும் நுனியில் அகன்ற சவ்வுபோல் விரிந்திருக்கும். அவ்விரு கைகளே ஓட்டைக் கட்டும் கருவிகள் என்பது புலனாயிற்று. பெண் ஆர்கோனாட்டே இந்த ஓட்டை உருவாக்குகிறது. தன் முட்டைகளையும் அதனுள்ளேயே வைத்துக் காக்கிறது. ஆடையின் கிழிசலைத் தைத்துப் பழகிய ஒருவர், கடலுயிர் ஒன்று தன் வீட்டின் கிழிசலைத் தைப்பதைக் கண்டுபிடித்தார்.

ஆயினும், உண்மையைக் கண்டறிவது ஒன்று. அதனை உலகம் ஏற்குமாறு செய்வது மற்றொன்று. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் மூடியிருந்த காலம் அது. ஜீன் சொல்லால் மட்டும் வாதிடாமல் சான்றுகளைத் திரட்டினார். வெவ்வேறு வளர்ச்சி நிலைகளில் இருந்த ஆர்கோனாட்டுகளை அவற்றின் ஓடுகளோடு லண்டனில் இருந்த உயிரியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவனுக்கு அனுப்பிவைத்தார். 1839ஆம் ஆண்டு ஓவன் அவற்றை லண்டன் விலங்கியல் கழகத்தின் முன் எடுத்துரைத்தார். அதே ஆண்டில் ஜீனின் ஆய்வு நூலும் வெளிவந்தது. சிசிலியின் கத்தானியா நகரிலிருந்த அறிவியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது. ஐரோப்பாவின் வேறு பல கழகங்களும் அவரைச் சேர்த்துக்கொண்டன.

புகழோடு பேரிழப்பும் வந்தது. சிசிலியை விட்டு வெளியேற முடிவு செய்தபோது, தம் சேகரிப்புகளையும் குறிப்புகளையும் ஓவியங்களையும் அவர் கப்பலில் அனுப்பினார். அக்கப்பல் கடலில் மூழ்கியது. பல ஆண்டு உழைப்பின் பெரும்பகுதி, எந்தக் கடலிலிருந்து கிடைத்ததோ அந்தக் கடலுக்கே போய்விட்டது. அதன் பிறகு அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனால், புதிய ஆய்வுகளில் ஈடுபடவில்லை. அச்சில் ஏறியிருந்தவை மட்டுமே எஞ்சின. 1870ஆம் ஆண்டு பாரிஸ் நகரம் போரில் முற்றுகையிடப்பட்டபோது அவர் பிறந்த ஊருக்கே திரும்பினார். 1871ஆம் ஆண்டு சனவரியில் அங்கேயே காலமானார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அவர் பெயர், 1990களில் வெள்ளிக் கோளிலுள்ள ஒரு பெரும் பள்ளத்திற்குச் சூட்டப்பட்டது.

அவர் தொடங்கிய பணியைப் பலர் தொடர்ந்தனர். 1846ஆம் ஆண்டு, அன்னா தின் என்னும் ஆங்கிலப் பெண்மணி பவளவுயிர்களை லண்டனிலுள்ள தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீரில் உயிர்வளி குறைந்துவிடாமல் இருக்க, அந்நீரைத் திறந்த சன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்திற்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். இன்று மின்விசையால் இயங்கும் காற்றுக்குழாய் செய்யும் வேலையை அன்று மனிதக் கைகளே செய்தன. 1853ஆம் ஆண்டு லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. 1909ஆம் ஆண்டு சென்னை மெரினா கடற்கரையிலும் அத்தகைய காட்சியகம் ஒன்று அமைந்தது.

எனினும், இந்த ஆர்வத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. இங்கிலாந்தில் பிலிப் கோஸ் என்னும் இயற்கை ஆய்வாளர் எழுதிய நூல்கள் உவர்நீர்த் தொட்டி வளர்ப்பை மக்களிடையே பரப்பின. மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குச் சென்று, பாறைக் குட்டைகளில் இருந்த உயிர்களை அள்ளி வந்தனர். வளர்க்கத் தெரியாமல் அவற்றைச் சாகவும் விட்டனர். எழில் மிகுந்த குட்டைகள் வெறுமையாயின. அதனைக் கண்டு கோஸ் வருந்தினார்.

இன்று புதிதாக உவர்நீர்த் தொட்டி அமைப்போரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தொட்டி நீரிலும் அந்த அளவைப் பேண வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. எனவே, குறைந்த அளவுக்கு உப்பற்ற தூய நீரையே ஊற்ற வேண்டும். மேலும், நீரை நிரப்பிய அன்றே மீன்களை விடக்கூடாது. மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிரிகள் தொட்டியில் பெருகப் பல வாரங்கள் ஆகும். அதன் பிறகு, பண்ணையில் பிறந்த கோமாளி மீன் போன்ற ஓரிரு மீன்களை மட்டும் விட்டுத் தொடங்குவது நலம். தொடக்கநிலையினர் பலருடைய மீன்கள் இறப்பதற்கு அவர்களின் அவசரமே காரணம்.

ஜீனுக்கு அளவுமானியோ மின்வடிகட்டியோ இருக்கவில்லை. காத்திருக்கும் மனம் இருந்தது. ஒரு கடலுயிரை அழகுப் பொருளாக அடைத்து வைக்க அவர் தொட்டியை உருவாக்கவில்லை. அது எப்படி வாழ்கிறது என்று அறிவதற்காகவே உருவாக்கினார். அவ்வாறு அறிவதற்கு, முதலில் அதனை வாழவிட வேண்டியிருந்தது.