கொல்லிமலைப் பாட்டி எவ்லின் பிராண்ட்



நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் வழியெல்லாம் கொல்லிமலை நம் கண்ணெதிரே சுவர்போல் எழுந்து நிற்கிறது. காரவள்ளியில் மலைப்பாதை தொடங்கினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். காலையில் பேருந்து ஏறி மேலே போய், அன்னாசியும் மிளகும் வாங்கிக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடுகிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன் நம் சமவெளி மக்கள் அந்த மலைக்குப் போகவே அஞ்சினார்கள். பெயரிலேயே கொல்லும் மலை அது. கொன்றது பேயல்ல, மலேரியா. மேலே குடியிருந்த மலையாளிப் பழங்குடியினருக்கு அஞ்சி ஓட இடமில்லை. அதுதான் அவர்களுடைய ஊர். பிரசவ வலியில் தவிக்கும் ஒரு பெண்ணைக் கீழே கொண்டுவர வேண்டுமென்றால் டோலி கட்டித் தோளில் சுமந்து, காட்டுப் பாதையில் மணிக்கணக்காக இறங்க வேண்டும். நாம் இருக்கும் இடத்துக்கும் அவர்கள் இருந்த இடத்துக்கும் சில மைல்தான் தூரம். அந்தச் சில மைல்தான் உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றது.

அந்தத் தூரத்தைக் குறைப்பதற்குத் தம் வாழ்வைக் கொடுத்த ஒரு பெண்ணைப் பற்றிச் சிந்திப்போம். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவரும் அல்லர், பாப்டிஸ்ட் சபையினர். ஆயினும் நம் மாவட்டத்து மண்ணில் புதைந்திருப்பவர் என்பதால் அவரை அறிந்துகொள்ளும் கடமை நமக்கு உண்டு.

எவ்லின் ஹாரிஸ் 1879இல் இலண்டனில் வசதியான வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். நன்றாக உடுத்தவும் ஓவியம் தீட்டவும் பழகிய பெண். முப்பது வயதைக் கடந்தபின் மறைப்பணிக்காகச் சென்னைக்கு வந்தார். ஏற்கெனவே இங்கே பணிசெய்து வந்த ஜெஸ்ஸி பிராண்ட், வெப்ப நாட்டு நோய்களைப் பற்றி இலண்டனில் ஓராண்டு படித்தவர். இருவரும் 1913இல் மணந்துகொண்டார்கள். திருமணம் முடிந்த கையோடு கொட்டும் மழையில் நனைந்தபடியே மலையேறினார் மணப்பெண். ஜெஸ்ஸி தம் கையால் கட்டிய மரவீடுதான் அவர்களுக்கு இல்லம்.

மலைமக்கள் முதலில் இவர்களை நம்பவில்லை. ஊர்ப் பூசாரி வெளிப்படையாகவே எதிர்த்தார். 1918, 1919 ஆண்டுகளில் உலகமெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் கொல்லிமலையையும் விட்டுவைக்கவில்லை. நோயாளியின் பக்கம் போகவே உறவினரும் பயந்த நேரத்தில் இந்தத் தம்பதியர் கஞ்சி காய்ச்சிக் குடிசை குடிசையாகக் கொண்டுபோய்ப் புகட்டினார்கள். அந்தப் பூசாரியும் காய்ச்சலில் விழுந்தார். சாகும் தறுவாயில் தம் பிள்ளைகளை வேறு யாரிடமும் விடாமல் இவர்களிடமே ஒப்படைத்தார். அவர்களில் ஒன்று கைக்குழந்தை, பெண் குழந்தை. ரூத் என்று பெயரிட்டு எவ்லின் அவளை வளர்த்தார். பின்னாளில் யாருக்கும் வேண்டாதவை என்று விடப்பட்ட குழந்தைகள் பலர் அவர் மடிக்கு வந்தார்கள். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கிய இடம் நம் சேலம் மாவட்டம் என்பதை நாம் மறந்துவிட முடியாது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் முன்பே நம் மலைமேல் ஒரு தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

இனி நரம்புச் சிலந்தியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இன்றைய இளைஞர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. கண்ணுக்குப் புலப்படாத அதன் குஞ்சுகள் குடிநீரோடு உடலுக்குள் போகும். ஏறத்தாழ ஓராண்டு கழித்து முழங்காலிலோ கணுக்காலிலோ கொப்புளம் வெடித்து, மூன்றடி நீளம் வரை வளர்ந்த வெள்ளைப் புழு தலைகாட்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து உள்ளேயே சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளொன்றுக்குச் சிறிது சிறிதாகத்தான் எடுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால், அந்த நொடியே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விட்டுவிடும். இறங்கித் தண்ணீர் மொள்ளும் குட்டையிலும் படிக்கிணற்றிலும் நாள்தோறும் கால் வைப்பவர் யார்? குடத்தோடு போகும் பெண்கள்தானே! அவர்கள் நடக்க முடியாமல் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பும் எரியாது, வயலில் வேலையும் நடக்காது.

இந்த நோய்க்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் மருந்தில்லை. யாரும் தண்ணீருக்குள் இறங்காதபடி கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கயிறு போட்டு இறைப்பதுதான் வழி. ஜெஸ்ஸி குச்சியில் புழுவைச் சுற்றியதோடு நிற்காமல், ஊர் ஊராகப் போய்ச் சுவருள்ள கிணறுகளை வெட்டச் செய்தார். கணவர் விட்டுச்சென்ற இந்த வேலையைப் பல மலைகளில் எவ்லின் தொடர்ந்தார். இந்தியாவில் நரம்புச் சிலந்தி ஒழிந்துவிட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் 2000ஆம் ஆண்டில் சான்றளித்தது. நோய் ஒழிந்ததற்கு அரசின் பெருமுயற்சியே காரணம். ஆனால் நம் மலையில் அந்த வேலையை முன்பே தொடங்கியவர்கள் இவர்கள்.

மகன் பவுலையும் மகள் கோனியையும் 1923இல் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவந்தார்கள். 1929இல், மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். வயது நாற்பத்து நான்கு. பிள்ளைகள் தந்தையை மீண்டும் பார்க்கவே இல்லை. எவ்லின் இங்கிலாந்துக்குப் போனார்; உடைந்துபோயிருந்தார். இருந்தும் திரும்பி வந்தார். ஆனால் கணவரை இழந்த பெண் தனியாக மலையில் இருக்க வேண்டாமென்று மறைப்பணிச் சபை அவரைச் சமவெளிப் பணிக்கு அனுப்பியது. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை உள்ளிட்ட ஐந்து மலைத்தொடர்களுக்கும் போவது என்று அவரும் கணவரும் சேர்ந்து கண்ட கனவு அப்படியே நின்றுபோயிற்று.

வயது அறுபத்தெட்டு ஆனதும், இனி ஓய்வு என்று சபை முடிவாகச் சொல்லிவிட்டது. எவ்லின் கீழ்ப்படிந்து ஓய்வு பெற்றார். பெற்ற உடனே, இனித் தம்மைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று சொல்லிக் கொல்லிமலைக்கு ஏறிவிட்டார்! மேலதிகாரிகளுக்குக் கீழ்ப்படிவதில் இப்படியும் ஒரு வழி உண்டு என்பதை நாம் சற்றே புன்னகையோடு குறித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகுதான் அவருடைய உண்மையான பணி தொடங்கியது. மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனார். கைவசமிருந்த எளிய மருந்துகளைக் கொடுத்தார், புண்களைக் கட்டினார், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார், கஞ்சா பயிரிடுவோரை எதிர்த்தார். வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி அதற்குள் பெரிய கல்லூரியாகியிருந்தது; எவ்லினின் மகன் பவுல் பிராண்ட் அங்கேதான் தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சைகளால் பெயர் பெற்றார். ஆனால் வேலூர் மருத்துவர் மலைக்குடிசையின் வாசலில் இல்லை, பாட்டி இருந்தார். ஒரு பெண் வெளியில் சொல்லக் கூசும் நோயை, அறிமுகமில்லாத மருத்துவரைவிட, தன் திண்ணையில் வந்து உட்காரும் பாட்டியிடம் எளிதாகச் சொல்லிவிடுவாள் அல்லவா?

எழுபத்தைந்து வயதில் தவறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இரவெல்லாம் வலியோடு கிடந்தவரைக் காலையில்தான் கண்டார்கள். கயிற்றுக்கட்டிலில் கிடத்தி மலையிறக்கி, ஜீப்பில் ஏற்றி மருத்துவமனை சேர்த்தார்கள். அந்த மலைமேல் வாழும் ஒவ்வொரு நோயாளியும் அனுபவித்த பயணத்தை அவரும் அனுபவித்தார். இனிக் கீழேயே இருங்கள் என்று மகன் எவ்வளவோ மன்றாடினார். பாட்டி கேட்கவில்லை. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மீண்டும் மலையேறினார். அதற்குப் பிறகும் பல முறை குதிரையிலிருந்து விழுந்தார், பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தார். கடைசி இருபது ஆண்டுகள் தம் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. தொண்ணூற்று மூன்று வயதில் குதிரை ஏற முடியாமல் போனபோது, மலைமக்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். டோலி சுமந்து பழகிய தோள்கள் அவை.

1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்து வயதில் எவ்லின் இறந்தார். மரப்பெட்டி வேண்டாம், உடல் மண்ணோடு கலக்கட்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். அப்படியே பருத்தித் துணி ஒன்றில் சுற்றி, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஜெஸ்ஸியை அடக்கம் செய்த இடத்துக்கு அருகே கொல்லிமலையில் அவரைப் புதைத்தார்கள்.