தனிநாயகம் அடிகளார் தேர்ந்த துறை

பட்டப்படிப்பை முடிக்கும் மாணவர் ஒவ்வொருவர் முன்னும் ஒரு வினா நிற்கின்றது. மேற்படிப்பில் எத்துறையை எடுப்பது, அத்துறைக்குள் எப்பகுதியை ஆய்வது என்பதே அவ்வினா. கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள நம் இல்லங்களில் இவ்வினா எழுந்தால், எதைப் படித்தால் வெளிநாடு செல்லலாம் என்ற மறுவினாவும் உடன் எழும். மலாயாவோடும் சிங்கப்பூரோடும் தலைமுறைகளாகத் தொடர்புடைய கடற்கரை ஆதலின் அஃது இயல்பே. தமிழ் எடுக்க விரும்பும் மாணவரிடம், அது ஊரைத் தாண்டிச் செல்லாது என்று பெரியோர் கூறுவதும் உண்டு. சிதம்பரத்தில் தமிழ் பயின்று உலகெங்கும் சென்ற சேவியர் தனிநாயகம் அடிகளாரின் வாழ்வு இவ்விடத்தில் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தார். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பயின்றபின் உரோமாபுரி சென்று 1934 முதல் 1939 வரை இறையியல் கற்று முனைவர் பட்டம் பெற்றார். இலத்தீனும் ஐரோப்பிய மொழிகள் பலவும் அவருக்குக் கைவந்தன. பின்னர்த் தூத்துக்குடி மறைமாவட்டத்துக் குருவாக வந்து, வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியப் பணி ஆற்றினார். தம் தாய்மொழியின் இலக்கியத்தைத் தாம் ஆழ்ந்து கற்கவில்லை என்பதை அங்குதான் உணர்ந்தார். பண்டிதர் ஒருவரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார்.

1945இல், முப்பத்திரண்டாம் அகவையில், அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைத் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அங்கே தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். உரோமாபுரியில் முனைவர் பட்டம் பெற்றவர் மீண்டும் மாணவராக அமர்ந்தது நம் சிந்தனைக்குரியது. அதனினும் சிந்தனைக்குரியது, அடுத்து எம்.லிட். பட்டத்திற்கு அவர் தேர்ந்த பொருள். சங்கப் பாடல்களில் இயற்கை எவ்வாறு இடம்பெறுகின்றது என்பதே அது. ஐந்திணைப் பாகுபாட்டைக் கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டு நோக்க, அவர் முன்னர்க் கற்ற கல்வி துணைநின்றது. பழைய படிப்பை அவர் கைவிடவில்லை. புதிய படிப்புக்கு அதனைக் கருவியாக்கினார். அவ்வாய்வு ஆங்கில நூலாக வெளிவந்து, தமிழ் அறியாத அறிஞர்க்கும் சங்க இலக்கியத்தை அறிமுகம் செய்தது.

பிற நாடுகளில் சொற்பொழிவாற்றச் சென்ற அடிகளார், இந்தியவியல் என்றால் வடமொழியே என எண்ணும் நிலை பரவியிருக்கக் கண்டார். அக்குறை போக்க 1952இல் தமிழ்ப் பண்பாடு குறித்த ஆங்கிலக் காலாண்டிதழ் ஒன்றைத் தொடங்கினார். அவ்வாண்டே இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பணி கிடைத்தது. ஆனால் அது தமிழ்த்துறையில் அன்று, கல்வித்துறையில். அதனால் அவர் தமிழைவிட்டு விலகினாரில்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்டபோது, பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனைகளையே பொருளாகக் கொண்டார். கிடைத்த வேலையும் விரும்பிய துறையும் அங்கு ஒன்றாயின.

1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது, உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாவதற்கு முன்னின்று உழைத்தார். பிரெஞ்சு அறிஞர் பிலியோசா அதன் தலைவரானார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. சென்னை, பாரிசு, யாழ்ப்பாணம் ஆகிய நகரங்களில் அடுத்த மாநாடுகள் நிகழ்ந்தன. அந்தாம் டி புரொயென்சா தொகுத்து 1679இல் அச்சான தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திலிருந்து படியெடுத்து 1966இல் மறுபதிப்பாக்கியதும் அடிகளாரே. தமிழோடு ஐரோப்பிய மொழிகளும் அறிந்தவர்க்கே அதன் அருமை விளங்கும். 1980 செப்டம்பர் 1ஆம் நாள் அவர் மறைந்தார்.

அடிகளார்க்குக் குடும்பப் பொறுப்பு இல்லை. திருச்சபையின் ஆதரவும் இருந்தது. தந்தையின் கடையையோ தங்கையின் திருமணத்தையோ எண்ணிப் படிப்பைத் தேரும் நம் மாணவர் நிலை வேறு. ஆதலின் அனைவரும் தமிழே எடுக்கவேண்டும் என நாம் கூறவில்லை. மதிப்பெண்ணையும் காலியிடத்தையும் மட்டும் கருதித் துறையைத் தேராமல், தம்மிடம் ஏற்கெனவே உள்ள எந்த அறிவு அத்துறையில் பயன்படும் என்றும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே நம் கருத்து.

நம் மாணவர் பலர்க்கு அரபு எழுத்து இளமையிலேயே மதரசாவில் கைவருகின்றது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ் நூல்களையும் ஏடுகளையும் இரண்டும் அறிந்தவரே செம்மையாகப் படிக்க இயலும். நம் துறைமுகங்களுக்கும் மலாய் நாடுகளுக்கும் இருந்த உறவை ஆய்பவர்க்கும் அவை சான்றாகும். வரலாறு, பன்னாட்டு உறவு, தமிழ் ஆகிய துறைகளுள் எதில் நின்றும் இவ்வாய்வைச் செய்யலாம். முதுகலைக்கு விண்ணப்பிக்குமுன் மாணவர்கள் பெற்றோருடனும் ஆசிரியருடனும் அமர்ந்து இதனைப் பேசுவார்களாக. முன்வருவோர்க்கு வழிகாட்ட நம் தமிழ்த்துறை என்றும் காத்திருக்கின்றது.