பகைநாட்டை மன்னித்தவர், சொந்த நாட்டில் தவறவிட்டது

1990 ஒக்டோபரில் மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்போது நான் சிறுவன். இன்று தலவிலயில் வாழ்கிறேன். யுத்தம், சமாதானம் என்று யார் பேசினாலும் எனக்கு நினைவுக்கு வருபவர் ஜே.ஆர். ஜயவர்தன.

1906 செப்டெம்பர் 17இல் கொழும்பில் பிறந்த அவர் சட்டம் படித்து, அரசியலுக்கு வந்து, சுதந்திர இலங்கையின் முதல் நிதியமைச்சரானார். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசியதைக் கண்ட தலைமுறை அவருடையது.

1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானுடனான சமாதான மாநாடு கூடியது. 51 நாடுகள் பங்குபற்றின. இந்தியாவும் பர்மாவும் செல்லவில்லை. ஜப்பானின் சுதந்திரத்துக்குக் கட்டுப்பாடு விதிக்க சோவியத் யூனியன் முயன்றது. சுதந்திரம் பெற்று மூன்றரை வருடமே ஆகியிருந்த சிறிய தீவின் பிரதிநிதியாக எழுந்த ஜே.ஆர்., புத்தரின் போதனையை எடுத்துக்காட்டி, பகையைப் பகையால் தீர்க்க முடியாது என்ற கருத்தை முன்வைத்தார். இலங்கை நட்டஈடு கேட்காது என அறிவித்தார். ஜப்பான் அதை மறக்கவில்லை. கமகுராவில் அவருக்கு நினைவுக்கல் உண்டு. ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலையும் ஜப்பானின் அன்பளிப்பே.

ஆனால் அதே மனிதர் 1978இல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியானபோது கதை மாறியது. 1983 ஜூலையில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, நான்கு நாட்கள் கழித்தே நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். அதிலும் பாதிக்கப்பட்டோருக்கு ஆறுதல் இல்லை. 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியுடன் ஒப்பந்தம் செய்து வடக்கையும் கிழக்கையும் இணைத்தார். அங்கு வாழ்ந்த முஸ்லிம்களின் கருத்து கேட்கப்படவில்லை. மூன்று வருடங்களில் நாங்கள் கடலோரத்தில் நின்றோம். அதற்கு அவர் மட்டுமே பொறுப்பல்ல. ஆனால் எங்களை மேசைக்கு அழைக்காமல் எழுதிய சமாதானம் எங்களைக் காக்கவில்லை.

1996 நவம்பர் 1இல் அவர் மறைந்தார். தூரத்துப் பகைவனை மன்னிப்பது பெரிய காரியம்தான். பக்கத்து வீட்டாரை அவர்களுக்குரிய இடத்தில் அமர்த்திப் பேசுவது அதைவிடக் கடினம். இனி இந்நாட்டில் எழுதப்படும் எந்தத் தீர்விலும் நம்மவர் கையெழுத்து இருக்க வேண்டும். அந்தக் கோரிக்கையை நாம் விட்டுவிடக் கூடாது.