எடிசனின் இரும்புக் கலம்

எடிசன் என்றதும் நம் நினைவுக்கு வருவது மின்விளக்கு. பள்ளிப் பாடநூலில் நாம் கண்ட எடிசனும் விளக்கோடு சேர்ந்த எடிசன்தான். அந்தக் கதையையே மறுபடியும் கூறப் புகுந்தால், மன்ற நண்பர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த கவிதைக்குப் போய்விடுவீர்கள். அதில் நியாயமும் உண்டு. நான் சொல்ல வந்தது வேறு. விளக்கும் புகழும் வந்து சேர்ந்த பின்னர், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், அவர் ஒரு சேமக்கலத்தோடு பத்து ஆண்டுகள் மல்லுக்கு நின்றார். மின்கலத்தின் மின்வாயோடு நாள்தோறும் திண்டாடும் வேதியியல் மாணவன் நான். அவர் வாழ்வில் எனக்கு உறவாகப் படுவது அந்தப் பத்து ஆண்டுகள்தாம்.

தாமஸ் ஆல்வா எடிசன் 1847 பிப்ரவரி 11 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மிலான் என்ற சிற்றூரில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குச் சில மாதங்களோடு முடிந்தது. முன்னாள் ஆசிரியையான தாய் நான்சியே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். சிறுவயதில் புகைவண்டியில் செய்தித்தாள் விற்றார், காது மந்தமாயிற்று, பதினாறு வயதையொட்டித் தந்தி அனுப்பும் வேலையில் சேர்ந்தார்.

இந்தத் தந்தி வேலையே அவரை மின்கலத்துக்கு அறிமுகம் செய்து வைத்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அக்காலத் தந்தி நிலையங்களுக்கு மின்சாரம் கம்பி வழியே எங்கிருந்தோ வருவதில்லை. அமிலமும் உலோகமும் நிறைந்த கண்ணாடிச் சாடிகள் நிலையத்திலேயே வரிசையாக நிற்கும். லூயிவில் நகரில் வேலை பார்த்தபோது, தம் சோதனைக்கென அவர் எடுக்கப்போன கந்தக அமிலம் தரையில் கவிழ்ந்து, பலகையின் இடுக்கு வழியாகக் கீழ் அறைக்கு ஒழுகி, மேலதிகாரியின் மேசையையும் விரிப்பையும் அரித்துவிட்டதாம். வேலை போயிற்று. அமிலத்தின் மீது அவருக்குப் பிற்காலத்தில் இருந்த வெறுப்புக்கு இதுதான் விதை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

1876-இல் மென்லோ பார்க் ஆய்வுக்கூடம், 1877-இல் ஒலிப்பதிவுக் கருவி, 1879-இல் விளக்கு, 1882-இல் நியூயார்க்கில் மின் நிலையம். இவை யாவரும் அறிந்தவை. மாறுமின்னோட்டத்தை எதிர்த்து அவர் செய்த பிரசாரம் அவர் புகழுக்கு அழகு சேர்க்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1890-களில் நியூ ஜெர்சி மலைப்பகுதியில், தரம் குறைந்த பாறையைப் பொடித்துக் காந்தத்தால் இரும்புத் தாதுவைப் பிரிக்கும் ஆலை ஒன்றை நிறுவினார். மினசோட்டாவில் உயர்ந்த தாது மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்த முயற்சி படுத்துவிட்டது. விளக்கில் ஈட்டிய செல்வத்தில் பெரும்பகுதி அந்தப் பாறையோடு பொடியாயிற்று. வேறொருவராயின் மிஞ்சியதைக் காத்துக்கொண்டு வீட்டில் இருந்திருப்பார். எடிசன் 1899-இல் சேமக்கல ஆராய்ச்சியில் இறங்கினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1880-களில் சேமக்கலம் என்பதே மக்களை ஏமாற்றிப் பங்கு விற்கும் வேலை என்று ஏளனம் செய்தவர் இதே எடிசன்தான். அன்று இருந்த சேமக்கலம் ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்டது. நம் விடுதி மாடிப்படியின் அடியில், மின்சாரம் போனதும் உறுமிக்கொண்டு எழும் இன்வெர்ட்டருக்குத் துணை நிற்கும் பெட்டி அதே குலத்தைச் சேர்ந்ததுதான். அதன் எடையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு எடிசனின் எரிச்சல் விளங்கும். அந்நாளில் தெருக்களில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கியிருந்தன. பெட்ரோல் வண்டியின் வெற்றி இன்னும் உறுதியாகவில்லை. இலேசான, முரட்டுத்தனத்தைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும் ஒரு கலம் கிடைத்தால் நகரங்களின் போக்குவரத்தே மாறிவிடும் என்று அவர் கணக்கிட்டார்.

அமிலத்தை விட்டுக் காரத்துக்குச் சென்றார். பொட்டாசியம் ஹைடிராக்சைடுக் கரைசலில் எஃகு அரிக்கப்படாது. ஆகவே கலத்தின் பெட்டியையே எஃகால் செய்யலாம். பல உலோகங்களைச் சோதித்த பின், எதிர்மின்வாய்க்கு இரும்பும் நேர்மின்வாய்க்கு நிக்கல் ஹைடிராக்சைடும் என்று முடிவு செய்தார். சுவீடனில் வால்டெமார் யுங்னர் என்பவரும் அதே காலத்தில் அதே பாதையில் நடந்துகொண்டிருந்தார். இருவருக்கும் உரிமை வழக்கு எழுந்தது. எடிசனிடம் பணமும் ஆட்படையும் இருந்தன, யுங்னரிடம் இல்லை. நம்மில் எத்தனை பேருக்கு யுங்னரைத் தெரியும்?

1901-இல் எடிசன் சேமக்கலக் கம்பெனி பிறந்தது. சில ஆண்டுகளில் கலங்கள் விற்பனைக்கு வந்தன. பாராட்டும் வந்தது, அதன் பின்னாலேயே முறையீடும் வந்தது. பெட்டியின் இணைப்புகளில் சில ஒழுகின. அதைவிடக் கொடியது, சில கலங்கள் ஏற்றி இறக்க இறக்கத் தம் கொள்திறனை இழந்தன.

காரணத்தைச் சற்று நின்று பார்ப்போம். இக்கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நிக்கல் ஹைடிராக்சைடு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அதனோடு கடத்தும் பொருள் ஒன்றைக் கலந்து, தூளின் ஒவ்வொரு துணுக்குக்கும் மின்சாரம் போய்ச் சேர வழி செய்ய வேண்டும். எடிசன் முதலில் கலந்தது கிராபைட். ஆனால் மின்வாய் என்பது செத்த பொருள் அன்று. மின்னேற்றத்தின்போதும் இறக்கத்தின்போதும் அது பருத்துச் சுருங்குகிறது. அந்த மூச்சிலும், நேர்மின்வாயின் கடுமையான ஆக்சிஜனேற்றத்திலும் கிராபைட் நிலைகுலைந்தது. தூளுக்கும் தூளுக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. கலத்தில் சரக்கு இருந்தது. அதை எடுக்க வழி இல்லாமற் போயிற்று.

என் மேசைமேல் இருக்கும் நாணய அளவுக் கலங்களிலும் இதே வழக்குத்தான் நடக்கிறது. இன்றைய லித்தியம் அயனிக் கலத்தின் எதிர்மின்வாயில் உள்ள கிராபைட், லித்தியத்தை ஏற்கும்போது பத்தில் ஒரு பங்கு பருக்கிறது, அதைப் பொறுக்கலாம். கூடுதல் கொள்திறனுக்காக நாங்கள் சேர்க்கும் சிலிக்கானோ பல மடங்கு பருத்து, உடைந்து, தன்னைச் சுற்றிய கரித்தூளின் பிடியிலிருந்து கழன்றுவிடுகிறது. முதல் ஐம்பது சுற்றுகளுக்கு வரைபடம் அழகாகத்தான் இருக்கும். அதோடு நிறுத்தி எழுதிவிட்டால் பட்டம் கிடைக்கும். எண்பதாவது சுற்றில் கோடு சரிவதைக் கண்ட பிறகு, இருநூறு வரை ஓட்டியே எழுதுவது என்று இருக்கிறேன். அதற்கு இன்னொரு பருவம் வேண்டும். அந்தப் பருவத்துக்கு உதவித்தொகை இல்லை. வீட்டுக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் எடிசன் 1904-இல் செய்ததைப் படித்தேன்.

அவர் உற்பத்தியை நிறுத்தினார். குறையுள்ள கலங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நல்ல கலங்களும் அவற்றுள் இருந்தன. வாங்கத் தயாரானவர்களும் இருந்தனர். ஆயினும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் விற்பனையை ஒதுக்கிவைத்து மறுபடி ஆய்வுக்கூடத்துக்குள் சென்றார். அவரிடம் பணம் இருந்தது, செய்தார் என்று என் அறைத்தோழன் கூறினான். உண்மைதான். ஆனால் பணம் இருந்தும் செய்யாதவர்கள் அன்றும் பலர் இருந்தார்கள்.

ஐந்து ஆண்டுகளில் அவர் கண்டது நிக்கல் இதழ். சுழலும் உருளையின்மேல் செம்பு ஒரு படலம், நிக்கல் ஒரு படலம் என மாற்றி மாற்றி மின்முலாம் பூசினர். நூற்றுக்கும் மேற்பட்ட படலங்கள் சேர்ந்தும் தகடு மெல்லியதாகவே இருக்கும். அதை உரித்துச் சிறு சதுரங்களாக நறுக்கிச் செம்பை மட்டும் கரைத்துவிட்டால், எஞ்சுவது ஊதினால் பறக்கும் நிக்கல் இதழ்கள். ஓர் அங்குலத்தைப் பல்லாயிரம் கூறுகளாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவே அவற்றின் கனம். துளையிட்ட எஃகுக் குழாயில் ஹைடிராக்சைடு ஓர் அடுக்கு, இதழ் ஓர் அடுக்கு என நூற்றுக்கணக்கான அடுக்குகளை இட்டு இறுகக் கெட்டித்தனர். பென்சில் பருமனே உள்ள அக்குழாய் பருத்து வெடிக்காமலிருக்க, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதுபோல எஃகு வளையங்களை மாட்டினர். கடத்தும் வழியும் அறாது; பருக்கும் பொருளும் அடங்கி நிற்கும். கரைசலில் சிறிதளவு லித்தியம் ஹைடிராக்சைடும் சேர்த்தார், கொள்திறன் உயர்ந்தது. இன்றைய கலத்தில் லித்தியமே இரு மின்வாய்களுக்கும் இடையே ஓடி வேலை செய்கிறது. அன்று அது துணைக்கு நின்றது. எனினும் அப்பெயரை அவர் குறிப்பில் கண்டபோது, ஊர்க்காரரை அயலூர்ச் சந்தையில் கண்டது போலிருந்தது எனக்கு.

1909-இல் புதிய கலம் வெளிவந்தது. அது ஒழுகவில்லை, அடியையும் உதையையும் தாங்கியது. ஆனால் காலம் காத்திருக்கவில்லை. முந்திய ஆண்டே ஃபோர்டின் மலிவான பெட்ரோல் வண்டி வந்துவிட்டது. 1912-இல் காடிலாக் வண்டிக்கு மின்சாரத் தொடக்கி வந்து, கையால் சுழற்றும் தொல்லையும் ஒழிந்தது. அத்தொடக்கிக்கு ஒரே நொடியில் பெருமின்னோட்டம் வேண்டும். எடிசனின் கலத்தால் அது முடியாது, ஈயக் கலத்தால் முடியும். குளிரிலும் இரும்புக் கலம் சோர்ந்துவிடும். தாம் ஒழிக்க நினைத்த ஈயக் கலம் எதிரியின் வண்டியில் ஏறி அமர்ந்ததை எடிசன் தம் கண்ணாலேயே கண்டார்.

எனினும் கலம் வீண்போகவில்லை. சுரங்கத் தொழிலாளரின் தலைவிளக்குக்கும், புகைவண்டிச் சைகைகளுக்கும், சுமைவண்டிகளுக்கும் அது பயன்பட்டது. அவருடைய பிற்காலத் தொழில்களில் மிகுந்த ஆதாயம் தந்ததும் அதுவே. ஒரு கறையும் உண்டு. 1916 ஜனவரியில், இக்கலங்கள் பொருத்தப்பட்டிருந்த ஈ-2 என்ற நீர்மூழ்கிக் கப்பல் நியூயார்க் கப்பல் துறையில் நின்றபோது, ஹைடிரஜன் வாயு சேர்ந்து வெடித்தது. உள்ளே இருந்தவர்களில் சிலர் மாண்டனர். இரும்பு மின்வாய் ஹைடிரஜனைக் கக்கும் இயல்புடையது. இன்றும் அதுவே அதன் பெருங்குறை.

எடிசன் 1931 அக்டோபர் 18 அன்று, தம் எண்பத்து நான்காம் வயதில் மறைந்தார். கலத் தொழிலை 1972-இல் எக்சைடு நிறுவனம் வாங்கி, 1975-இல் உற்பத்தியை நிறுத்தியது. பழம்பொருள் சேர்ப்போரிடம் அந்தக் கலங்களில் சில இன்னும் இருக்கின்றன. பழைய கரைசலைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றினால், அவற்றுட் பல மறுபடியும் மின்னேற்றம் கொள்கின்றன.