எலிக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்? இந்தியராகவே மறைந்த விஞ்ஞானி ஹால்டேனின் கதை

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் நெற்கதிர் முற்றும் நேரத்தில் விவசாயிக்குப் பெரிய தலைவலி எலிதான். வளையைத் தோண்டி எலி பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள் இங்குள்ள இருளர் மக்கள். ஆனால் அந்த எலியின் உறவான குட்டிச் சுண்டெலி, நம்முடைய கிட்னி எப்படி உருவாகிறது என்பதைக் காட்டிக்கொடுத்த பிராணி. அந்தத் தேடலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஜே.பி.எஸ்.ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாக இறந்தவர்.

யார் இந்த ஹால்டேன்?

1892 நவம்பர் 5ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் பிறந்தார். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன், சுவாசம் பற்றி ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி. நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவைச் சோதிக்கப் போகும்போது மகனையும் கூட்டிப்போவார். வாயு இருக்கும் இடத்தில் மூச்சு முட்டினால் என்ன ஆகும் என்பதைச் சின்ன வயதிலேயே அனுபவத்தில் தெரிந்துகொண்டார் ஹால்டேன்.

தங்கை நவோமி வீட்டுப் புல்வெளியில் கினிப்பன்றிகள் வளர்த்தார். அவற்றின் குட்டிகளுக்கு என்ன நிறம் வருகிறது என்று அண்ணனும் தங்கையும் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். மரபியல் மீதான ஆர்வம் அங்கேதான் தொடங்கியது. கல்லூரியில் அவர் படித்தது கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியமும். அறிவியலில் கடைசிவரை ஒரு பட்டம்கூட வாங்கவில்லை!

சுண்டெலிகள் சொன்ன ரகசியம்

வெவ்வேறு குணங்கள் தனித்தனியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பது மெண்டலின் விதி. ஆனால் சுண்டெலிகளில் உடம்பை வெள்ளையாக்கும் மரபணுவும், கண்ணை இளஞ்சிவப்பாக்கும் மரபணுவும் பெரும்பாலும் ஜோடியாகவே போவதை ஹால்டேன் கவனித்தார். காரணம், அவை ஒரே குரோமோசோமில் அக்கம்பக்கத்தில் இருப்பவை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இருவர் சேர்ந்தே பஸ் ஏறுவது மாதிரி.

இதை உறுதி செய்ய நவோமியும் நண்பர் ஸ்பிரண்டும் அவரோடு சேர்ந்தார்கள். அதற்குள் முதல் உலகப்போர் வந்துவிட்டது. ஸ்பிரண்ட் போரில் உயிரிழந்தார். ஹால்டேன் போர்க்களத்தில் இருந்தபோதே, 1915ல், மூவர் பெயரிலும் கட்டுரை வெளியானது. பாலூட்டிகளில் இப்படி ஒரு மரபணுப் பிணைப்பு நிரூபிக்கப்பட்டது அதுதான் முதல்முறை.

மரபணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கும் சென்டிமார்கன் என்ற அலகும் அவர் கொடுத்ததுதான். 1937ல் ஜூலியா பெல்லுடன் சேர்ந்து, நிறக்குருடும் ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோயும் மனிதக் குடும்பங்களில் சேர்ந்து வருவதைக் காட்டினார்.

தன் உடம்பே சோதனைக்கூடம்

ரத்தத்தில் அமிலம் கூடினால் நுரையீரலும் கிட்னியும் எப்படிச் சமாளிக்கின்றன? இதைத் தெரிந்துகொள்ள ஹால்டேன் தன் உடம்பையே பயன்படுத்தினார். நவச்சாரத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். ரத்தத்தில் அமிலம் ஏறி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அந்த அமிலத்தை கிட்னி சிறுநீர் வழியாக வெளியேற்றுவதை அளந்து எழுதிவைத்தார்.

கிட்னி எப்படி உருவாகிறது?

ஹால்டேன் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் இதற்கான விடை தெளிவானது. சுண்டெலியின் கர்ப்பகாலம் சுமார் 20 நாள். 11ஆம் நாள் வாக்கில் கருவுக்குள் ஒரு சிறு குழாய் மொட்டு விடுகிறது. பக்கத்தில் உள்ள திசு ஜிடிஎன்எஃப் என்ற புரதத்தை அனுப்பி அதைக் கூப்பிடுகிறது. மொட்டில் உள்ள ரெட் என்ற புரதம் அந்த அழைப்பைக் கேட்கிறது. மொட்டு மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து வளர, நுனிகளைச் சுற்றி வடிகட்டிகள் உருவாகின்றன.

1990களில் விஞ்ஞானிகள் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றுக்கான மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். பெரும்பாலான குட்டிகள் கிட்னியே இல்லாமல் பிறந்து, சீக்கிரமே இறந்துபோயின. மனிதக் கருவிலும் ஐந்தாவது வாரம் வாக்கில் இதே வேலைதான் நடக்கிறது.

ஹால்டேனின் வழி நேரடியாகக் கைகொடுத்தது பாலிசிஸ்டிக் கிட்னி என்ற நீர்க்கட்டி நோயில்தான். 1985ல், அவர் பிறந்த அதே ஆக்ஸ்போர்டில், இந்த நோய் ஹீமோகுளோபின் மரபணு ஒன்றோடு சேர்ந்து போவதைக் கண்டுபிடித்தார்கள். அதை வைத்து 16வது குரோமோசோமில் தேடி, 1994ல் பிகேடி1 என்ற மரபணுவைப் பிடித்தார்கள். சுண்டெலியில் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டுப்போனால், கிட்னி சரியாகவே வளர ஆரம்பித்து, பிறகு குழாய்கள் பலூன் மாதிரி வீங்கிவிடுகின்றன.

இந்தியாவுக்கு ஏன் வந்தார்?

போரில் காயம்பட்டு இந்தியாவில் ஓய்வெடுத்த காலத்திலிருந்தே இந்த நாடு அவருக்குப் பிடித்துப்போனது. சூயஸ் விவகாரத்தில் பிரிட்டன் எடுத்த நிலைப்பாட்டைக் கண்டித்து, 1957ல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கொல்கத்தாவுக்கு வந்துவிட்டார். வேட்டி, குர்தா, சைவச் சாப்பாடு என்று மாறிப்போனார். பின்னர் இந்தியக் குடியுரிமையும் பெற்றார். விலை உயர்ந்த கருவிகள் இல்லாவிட்டாலும் கவனித்து எண்ணினாலே நல்ல ஆராய்ச்சி செய்யலாம் என்று மாணவர்களுக்குக் காட்டினார்.

அவர் மீது ஒரு கறையும் உண்டு. சோவியத் யூனியனில் லைசென்கோ மரபியலையே மறுத்து, விஞ்ஞானிகள் சிறைக்குப் போனபோது, கம்யூனிஸ்டாக இருந்த ஹால்டேன் உரிய நேரத்தில் அதைக் கண்டிக்கவில்லை.

புற்றுநோயால் 1964 டிசம்பர் 1ஆம் தேதி புவனேஸ்வரில் காலமானார். அவர் விருப்பப்படியே உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது.

நமக்கு என்ன பயன்?

அப்பா அல்லது அம்மாவுக்கு பாலிசிஸ்டிக் கிட்னி இருந்தால், பொதுவாக ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீதம் வாய்ப்பு உண்டு. அதனால்தான் அண்ணனுக்குத் தம்பி கிட்னி கொடுக்க முன்வந்தாலும், முதலில் தம்பிக்கு அந்த நோய் இல்லையா என்று டாக்டர்கள் பார்க்கிறார்கள். ஸ்கேனில் சந்தேகம் தீராவிட்டால் மரபணுப் பரிசோதனை இருக்கிறது. வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கொடுப்பவர், வாங்குபவர் என்று இரண்டு உயிர்களைக் காப்பாற்றும் தகவல் அது.